படிவத் தமிழும் மக்கள் உரிமையும்

நமது விமரிசகர்கள் சிறுகதையை அளந்திருக்கிறார்கள். கவிதையை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாவலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்நாட்டில் தமிழ் பேசும் மக்களிற் பெரும்பாலோர், விரும்பியோ விரும்பாமலோ, வாசித்தே தீரவேண்டிய உரைநடை எதுவோ அதனை விமரிசனத்துக்குரிய பொருளாக நாம் கருதியதில்லை. அது கதையுமன்று, கட்டுரையுமன்று. காணிக் கந்தோரிலிருந்து வரும் கடிதம். பிறப்பு, இறப்புப் பதிவுப் பத்திரம். நிவாரணத்துக்கான விண்ணப்பப் படிவம். வைத்தியசாலைச் சுவரில் ஒட்டிய அறிவித்தல். வாழ்நாளில் ஒரு நாவலையேனும் தொட்டிராத மனிதனும் இவற்றை வாசித்தாக வேண்டும். நாவல் விளங்காவிட்டால் மூடி வைத்துவிடலாம். இவை விளங்காவிட்டால் காணி போகும், கொடுப்பனவு போகும், பிள்ளையின் பெயர் மாறும். இத்துணை பாரம் சுமக்கும் ஓர் உரைநடையை எழுதுவோர் யார், எந்த முறையில் எழுதுகின்றனர், வாசிப்போனுக்கு அது சென்று சேர்கின்றதா என்று கேட்பது இலக்கியப் பத்திரிகையின் வேலையல்ல என்று எவரேனும் சொல்வாராயின், இலக்கியம் யாருக்காக என்ற பழைய கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இக்கேள்வியைப் பொதுவாக விவாதிப்பதைவிட ஓரிடத்தில் ஊன்றி நின்று கேட்பது நல்லது. கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்லும் வீதியில், நாவிதன்வெளிப் பிரதேசத்தில் இருக்கிறது சவளக்கடை. மாரி காலத்தில் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாய்ந்து கரையோரப் பட்டினங்களுக்கும் இப்பகுதிக்கும் இடையிலான போக்குவரத்தை அறுத்துவிடும். தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே வாழும் வயற்பிரதேசம் இது. இன்னும் மேற்கே போனால் 1949இல் ஆரம்பமான கல்லோயா அபிவிருத்தித் திட்டத்தின் குடியேற்றக் கொலனிகள். இனங்களின் எல்லையும் மொழிகளின் எல்லையும் நீர்ப்பாசன வாய்க்கால்களின் எல்லையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பூமி. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கப்பட்டபோது, கரையோர மக்களுக்குக் கச்சேரி அம்பாறைப் பட்டினமாயிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இம்மாவட்டத்துச் சனத்தொகையில் சோனகரும் தமிழரும் சேர்ந்து நூற்றுக்கு அறுபது பேர். அப்படியிருந்தும் மேலிடத்துக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்துசேர்வது பற்றிய முறைப்பாடு இக்கரையில் மிகப் பழையது. அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். தமிழில் வந்த கடிதத்தைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். இக்கட்டுரையின் கவலை அந்தக் கடிதத்தைப் பற்றியது.

சட்டத்தின் வரலாறு வாசகர் அறிந்ததே; விரைவாகச் சொல்லிவிடலாம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம். அச்சட்டம் வந்த நாட்களிலேயே கல்லோயாவிற் குருதி சிந்தியது. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம். அதன் கீழான பிரமாணங்களோ 1966 ஜனவரியிற்றான் வந்தன. 1978ஆம் ஆண்டு யாப்பு தமிழைத் தேசிய மொழி என்றது. 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988இல் பதினாறாந் திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கிற்று. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு பிறந்தது.

இவ்வரலாற்றில் நம் முகாமின் பங்கையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1956இல் இரு மொழிகளின் சமத்துவத்துக்காக உறுதியாக நின்ற இடதுசாரிக் கட்சிகளே, 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ்ப் பிரமாணங்களுக்கு எதிரான ஊர்வலத்திற் கலந்துகொண்டன. 1956இல் சமத்துவத்துக்காக முழங்கிய கொல்வின் ஆர். த சில்வாவே, 1972இல் சிங்களத்தின் தனி நிலையை யாப்புக்குள் ஏற்றிய அமைச்சராகவும் விளங்கினார். மறுபுறத்தில், 1956 தேர்தலில் கல்முனையும் பொத்துவிலும் தமிழரசுக் கட்சிக்கு வாக்களித்து இரு முஸ்லிம் பிரதிநிதிகளை அனுப்பின; இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் போய்விட்டனர். மொழி என்பது தலைவர்களுக்குப் பேரம் பேசும் பண்டமாயிருந்த காலம் அது. அதற்கு விலை கொடுத்தவன் கச்சேரி வாசலில் நின்ற மனிதன்.

ஆயினும் இன்று நம்முன் உள்ள குறை சட்டத்தின் குறை மட்டுமன்று. நமது சட்டங்கள் அனைத்தும் எந்த மொழி என்ற கேள்விக்கு விடை சொல்கின்றன. எப்படிப்பட்ட மொழி என்ற கேள்வியை அவை கேட்பதேயில்லை. ஸ்வீடன் நாடு 2009இல் இயற்றிய மொழிச் சட்டத்தில், அரசாங்க ஸ்தாபனங்கள் வழங்கும் மொழி செம்மையானதாகவும் எளியதாகவும் விளங்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. மொழியுரிமைக்காக இரத்தம் சிந்திய நம் நாட்டிலோ, தமிழெழுத்தில் ஏதோ அச்சாகிவிட்டால் கடமை தீர்ந்தது. பேருந்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தின் மேல் ‘தாய்மார்’ என்பது ‘நாய்மார்’ ஆகி நின்றதைப் பத்திரிகைகள் படம்பிடித்துப் போட்டன. நாமும் சிரித்தோம், சினந்தோம். ஆனால் எழுத்துப் பிழை அவ்வளவு ஆபத்தானதன்று. கண்டவுடன் பிழை என்று தெரிந்துவிடும். எழுத்துப் பிழை ஒன்றுமின்றி, இலக்கணம் வழுவாமல், எவருக்கும் விளங்காமல் இருக்கும் வாக்கியமே ஆபத்தானது.

அத்தகைய வாக்கியம் ஒன்றை, இக்கடிதங்களின் வழக்கமான நடையைப் பின்பற்றி, நானே இங்கு அமைத்துக் காட்டுகிறேன்:

“காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடுகளுக்கமையத் தங்களுக்கு வழங்கப்பட்டுள்ள அனுமதிப்பத்திரத்தின் பின்னுரித்தாளரைப் பெயர்குறித்து நியமிப்பதற்குரிய படிவமானது உரிய முறையிற் பூரணப்படுத்தப்பட்டு இக்கடிதத் திகதியிலிருந்து 14 தினங்களுக்குள் சமர்ப்பிக்கப்படாதவிடத்து இது தொடர்பில் மேலதிக நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது என்பது இத்தால் அறியத்தரப்படுகின்றது.”

ஏறத்தாழ முப்பது சொற்கள். பழகிய கண்ணுக்கு இதில் வியப்பில்லை. இதைவிட நீண்டவற்றையும் கண்டிருக்கிறோம். இதனை ஒரு கவிதையைப் படிக்கும் கவனத்தோடு படித்துப் பாருங்கள். செய்பவன் யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. வழங்கப்பட்டது, பூரணப்படுத்தப்பட்டது, சமர்ப்பிக்கப்படாதது, எடுக்கப்படமாட்டாதது, அறியத்தரப்படுகின்றது என்று எல்லாம் தாமாகவே நிகழ்கின்றன. தமிழ் வாக்கியத்தின் உயிர் இறுதி வினையில் இருக்கிறது. வாசிப்போனும் கேட்போனும் அதற்காகவே காத்திருக்கிறார்கள். இங்கே இறுதியில் வந்து நிற்பது ‘அறியத்தரப்படுகின்றது’ என்ற வெறுங்கூடு. உண்மையில் சொல்லவேண்டிய செய்தி ‘14 நாட்களுக்குள் கொடுங்கள்’ என்பது. அதுவோ ‘படாதவிடத்து’ என்று எதிர்மறையாகி, நிபந்தனையாகி, வாக்கியத்தின் நடுவயிற்றில் ஒளிந்து கிடக்கிறது.

இன்னும் பெரிய தீங்கு ‘மேலதிக நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது’ என்ற தொடரில் இருக்கிறது. எழுதிய இலிகிதரின் மனத்தில், ‘உமது விண்ணப்பத்தை மேற்கொண்டு கவனிக்கமாட்டோம்’ என்பது கருத்து. ஆனால் எமது ஊர்களில் ‘நடவடிக்கை எடுப்பது’ என்றால் என்ன? பொலிஸார் நடவடிக்கை எடுப்பார்கள், அதிபர் நடவடிக்கை எடுப்பார், அதாவது தண்டிப்பார்கள். எனவே இக்கடிதத்தைக் கூட்டி வாசித்த விவசாயி, ‘படிவத்தைக் கொடுக்காவிட்டாலும் என்மேல் நடவடிக்கை இல்லை’ என்று நிம்மதியாகப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். கடிதம் தமிழில் வந்தது, யாப்பு காப்பாற்றப்பட்டது, செய்தி தலைகீழாகச் சேர்ந்தது.

இதன் விளைவு சிறிதன்று. கல்லோயாத் திட்டத்துக் காணிகளிற் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒப்பம் கொடுக்கப்பட்டவை. ஒப்பக்காரர் தமக்குப் பின் உரித்தாளி இன்னார் என்று பெயர் குறித்துப் பதியாமல் இறந்தால், வாழ்க்கைத் துணையின் சீவிய உரித்துக்குப் பின்னர், அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லும் வரிசைப்படியே காணி செல்லும். அந்த வரிசையில், 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரையில், பெண்மக்களுக்கு முன்னால் ஆண்மக்கள் நின்றார்கள். இக்கரையோரத்தின் வழக்கமோ வேறு. தமிழரானாலும் முஸ்லிமானாலும் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே. குடி வழியும் தாய் வழியே. அக்கரைப்பற்றில் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியிருக்கிறார். மகளுக்கென்று மனத்தில் வைத்த காணியை அவள் பெயருக்கு உறுதிப்படுத்தத் தந்தைக்கிருந்த வழி அந்தப் படிவந்தான். அந்தப் படிவம் விளங்காவிட்டால் அந்த வழியும் அடைபட்டது. ஒரு வாக்கியத்தின் அமைப்பு ஒரு பெண்ணின் காலடி மண்ணைத் தீர்மானிக்கக் கூடும்.

இதே செய்தியை இப்படி எழுதினால் என்ன குறைந்துவிடும்? “உங்களுக்குப் பின் இக்காணி யாருக்குச் சேரவேண்டும்? அவருடைய பெயரை இத்துடன் வரும் படிவத்தில் எழுதி 14 நாட்களுக்குள் எமது கந்தோரிற் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அந்தப் பெயரை நாங்கள் பதியமுடியாது.” சட்டத்தின் பெயரை வேண்டுமானால் அடியில் ஒரு வரியாகப் போடலாம். பின்னுரித்தாளர் என்ற சொல்லை நான் விலக்கச் சொல்லவில்லை. அது சட்டச் சொல், படிவத்தின் தலைப்பில் இருக்கட்டும். அதன் பொருள் முதல் வரியிலேயே தெரியவேண்டும் என்பதே வழக்கு.

இவ்விதமான வேலைக்கு ஒரு துறை இருக்கிறது. பிரயோக மொழியியல் என்று அதற்குப் பெயர். மொழியைப் பற்றிய அறிவை வகுப்பறைக்கும் மொழிபெயர்ப்புக்கும் நீதிமன்றத்துக்கும் அலுவலக எழுத்துக்கும் கொண்டுபோய்ப் பயன்படுத்துவது அதன் தொழில். நம்மவர் பலர் மொழியியல் என்றால் ஒலியன், உருபன் என்று பல்கலைக்கழகத்துக்குள் அடைபட்ட வித்தை என நினைக்கிறார்கள். மொழிபெயர்ப்பை அகராதி பார்த்துச் செய்யும் இலிகித வேலையாகவே அரசாங்கம் நினைக்கிறது. இந்த இரண்டு நினைப்பும் மாறவேண்டும். மேலே காட்டிய வாக்கியத்தில் ஒரு சொல்லும் அகராதிக்கு மாறானதன்று. குற்றம் சொல்லில் இல்லை. சிங்களச் சுற்றறிக்கையிலோ, அதற்கும் மூலமான ஆங்கிலச் சுற்றறிக்கையிலோ இருந்த வரிசையை அப்படியே தமிழில் இறக்கிவைத்த முறையில் இருக்கிறது.

அகராதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950களிலிருந்தே நம் அரசாங்கம் சொற்றொகுதிகளை வெளியிட்டு வந்திருக்கிறது. இது நல்ல வேலை. சொல்லாக்கத்தில் இக்கரைக்குப் பெருமையும் உண்டு. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர் இதே கரையில் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள். ஆனால் விஞ்ஞானச் சொல் வேறு, ஆட்சிச் சொல் வேறு. விஞ்ஞானச் சொல்லைக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறார். ஆட்சிச் சொல்லைக் கற்பிக்க வாசலில் நிற்கும் காவற்காரனைத் தவிர யாருமில்லை. செயலகம், அலுவலகம், காரியாலயம், பணிமனை என்று பெயர்ப்பலகைகள் பலவாறு சொல்லும் இடத்தைச் சவளக்கடைக் கிழவர் ‘கந்தோர்’ என்ற ஒரே சொல்லாற் சுட்டுகிறார். ஒல்லாந்தன் விட்டுப்போன சொல் அது. ஒல்லாந்தன் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், மக்கள் வாயில் ஊறித் தமிழாகிவிட்டது. உதவி அரசாங்க அதிபர் பதவி பிரதேச செயலாளர் பதவியாக மாறிப் பல்லாண்டாகியும், ‘ஏ.ஜீ.ஏ. கந்தோர்’ என்பது இன்னும் பேச்சில் வாழ்கிறது. ஒப்பம், வட்டை, வளவு, உறுதி, சத்தியக் கடதாசி ஆகிய சொற்களும் அப்படியே. இவற்றை அநாகரிகம் என்று ஒதுக்கி அகராதிச் சொல்லைத் திணிக்கும் தூய்மைவாதி, மக்களுக்கும் அரசுக்கும் நடுவில் இன்னொரு மதிலைக் கட்டுகிறான். பிரயோக மொழியியலாளன் முதலிற் செய்யவேண்டியது வட்டை விதானையிடமும் மருத்துவிச்சியிடமும் போய், அவர்கள் எதனை என்ன சொல்லால் அழைக்கிறார்கள் என்று எழுதிவருவதுதான்.

பெயர்களின் கதை இன்னும் துயரமானது. உதுமாலெவ்வை என்று ஒரு பெயர். தமிழ்ப் பதிவில் ஒரு விதம், ஆங்கிலத்தில் ‘வ’கரம் ‘ப’கரமாகி வேறு விதம், அந்த ஆங்கிலத்தைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதும்போது மூன்றாவது விதம். தமிழெழுத்து தமிழுக்குப் போதுமானது. ஆனால் ‘ப’ என்ற ஒரே எழுத்து அரபுப் பெயர்களில் இரண்டு மூன்று ஒலிகளுக்கு நிற்கவேண்டியிருக்கிறது. ‘பரீதா’ என்று எழுதியதைச் சிங்கள இலிகிதர் எந்த எழுத்தால் பெயர்ப்பார்? அவருடைய நெடுங்கணக்கில் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் வெவ்வேறு எழுத்து உண்டு. ஏதோ ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஸைனப், ஜெய்னப், செய்னம்பு என்று ஒரே பெண் மூன்று பத்திரங்களில் மூன்று பெண்ணாகிறாள். 2014இற்றான் தேசிய அடையாள அட்டை நாடெங்கும் இரு மொழியிலும் வழங்கத் தொடங்கிற்று. அது நியாயமான வெற்றியே. ஆனால் இரு மொழியில் இரு பெயர் விழுந்தால் அந்த வெற்றியின் கூலியைச் சத்தியக் கடதாசி முடிக்கும் சட்டத்தரணிக்குக் கட்டவேண்டியிருக்கிறது. ‘இவரும் அவரும் ஒருவரே’ என்று சத்தியம் செய்தே பென்சனும் கடவுச்சீட்டும் பெறவேண்டிய நிலை.

இதற்குத் தீர்வு கடினமன்று. அரபுப் பெயர்களுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்த ஓர் அட்டவணை. அதனைப் பதிவாளர் ஒவ்வொருவரின் மேசையிலும் வைக்கவேண்டும். பெற்றோர் ஏற்கெனவே வழங்கிவரும் எழுத்தை மாற்றாமல் காக்கும் விதியும் அதனோடு வேண்டும். ஃப, ஹ, ஸ, ஜ என்பன தமிழா என்று சண்டை பிடிக்கும் பண்டிதருக்கு ஒன்று சொல்லலாம். நம் முன்னோர் அரபெழுத்துக்குப் புள்ளியிட்டு, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளையெல்லாம் அதில் எழுதினார்கள்; அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயரும் இட்டார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் அவர்களுக்கிருந்த துணிவு நமக்கு இல்லாமற் போவானேன்?

இனி உத்தியோகத்தர் பயிற்சி. 2007 ஜூலைக்குப் பின் சேரும் அரசாங்க உத்தியோகத்தர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதே ஆண்டில் தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகத்துக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நோக்கம் போற்றத்தக்கது. 1956இன் பின் தமிழ் உத்தியோகத்தன்மேல் சுமத்திய சிங்களப் பரீட்சை தண்டனையாக இருந்தது. இது இரு பக்கமும் கற்கும் ஏற்பாடு. ஆனால் கற்பது எந்தத் தமிழை? 1959இல் சார்ள்ஸ் பெர்குசன் இரட்டை வழக்கு என்ற கருத்தை விளக்கியபோது தமிழையும் உதாரணங் காட்டினார். சிங்களத்திலும் அதே நிலை உண்டென்று ஜேம்ஸ் கெயர் 1968இல் எழுதினார். எழுதும் சிங்களம், பேசும் சிங்களம், எழுதும் தமிழ், பேசும் தமிழ் என நம் நாட்டில் கடக்கவேண்டிய ஆறுகள் நான்கு. எழுத்துத் தமிழிற் சித்தியடைந்து சான்றிதழோடு வரும் இளைஞரிடம் எங்கள் விவசாயி சொல்வார்: “வாப்பாட காணிக்கி ஒப்பம் இரிக்கி, அவரு மௌத்தான மறுகா ராத்தாக்குத்தான் சேரணும்.” தந்தையார் காலமானார், பின்னர், மூத்த சகோதரி என்று கற்றவருக்கு வாப்பா, மௌத்து, மறுகா, ராத்தா ஆகிய நான்கு சொல்லும் இருட்டு. விவசாயி பிழையாகப் பேசவில்லை. பாடத்திட்டம் அவரைக் கணக்கிலெடுக்கவில்லை.

மரியாதையும் இலக்கணத்தின் ஒரு பகுதியே. முன்னிலை ஒருமை ‘நீ’ என்று முதற் பாடத்திற் கற்ற இளைஞர், எழுபது வயது முதியவரைப் பார்த்து ‘நீ ஏன் வந்தாய்?’ என்று கேட்பார். அவர் அவமதிக்க எண்ணவில்லை. முதியவரோ அவமானப்பட்டுத் திரும்புவார். இரு மொழிகளிலும் எவரை எச்சொல்லால் விளிப்பது என்பதை சு. சுசீந்திரராஜாவும் டபிள்யூ. எஸ். கருணாதிலகவும் 1970களிலேயே ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். தமிழர் ஒருவரும் சிங்களவர் ஒருவரும் ஒரு மேசையிலிருந்து செய்த ஆராய்ச்சி அது. அதன் பயன் பயிற்சி வகுப்பின் முதல் நாளிலேயே தெரியவேண்டாமா? அவ்விருவரும் ஆராய்ந்தது போன்ற ஒப்பீடு கற்பிப்போனுக்கு வேலையை எளிதாக்கும். சிங்களமும் தமிழும் குடும்பத்தால் வேறு. ஆனால் வாக்கிய அமைப்பில் அயலார். இரண்டிலும் வினை கடைசியில் வரும். சொல்லொழுங்கு பெரும்பாலும் ஒன்றே. அதனால் அங்கே நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. பேச்சுச் சிங்களத்தில் ‘மம யனவா, எயா யனவா’ என்று வினை ஆளுக்கேற்ப மாறாது. தமிழில் போகிறேன், போகிறான் என்று மாறும். சிங்களவர் தடுமாறுவது இங்கே. நேரத்தைச் செலவிடவேண்டியதும் இங்கே. பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இரு மொழி தெரிந்தவர் இருத்தல் வேண்டும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பிய மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை வேண்டும் என்று 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு சிபாரிசு செய்தது. அச்சிபாரிசு உயிர் பெறுவது வாக்குமூலம் எழுதுபவரின் காதில். தேர்வுத்தாளில் அன்று.

இப்போது இயந்திரத்தின் காலம் என்பார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் அரசாங்கப் பத்திரங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் கணினி முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையான நாட்டுக்கு அது பெருந்துணை. ஆனால் இத்தகைய இயந்திரம் கற்பது பழைய மொழிபெயர்ப்புகளிலிருந்து. நாம் கொடுக்கும் பழைய கடிதங்களில் ‘இத்தால் அறியத்தரப்படுகின்றது’ என்றிருந்தால், மனிதன் ஒரு நாளில் எழுதியதை அது ஒரு நொடியில் எழுதித்தள்ளும். மூலச் சுற்றறிக்கையைச் சிங்களத்தில் எழுதுபவரே அதனைச் சிங்கள விவசாயிக்கு விளங்கும்படி எழுதினால் பாதிப் பிணி தீரும். ஏனெனில் உகணையில் இருக்கும் சிங்களக் குடியேற்றவாசிக்கும் அவனுடைய கந்தோர்க் கடிதம் விளங்குவதில்லை. மொழியால் பிரித்துவைக்கப்பட்ட இரண்டு ஏழைகளும் ஒரே நடையினால் ஒடுக்கப்படுகிறார்கள். இதனை இனப்பிரச்சினையாக மட்டும் பார்ப்போர் கவனிக்க வேண்டிய இடம் இது.

இவ்வளவு தொல்லை எதற்கு, இணைப்பு மொழியாகிய ஆங்கிலத்தை எல்லாருக்கும் படிப்பித்துவிடலாமே என்று சில கனவான்கள் சொல்கிறார்கள். படிப்பிக்கட்டும், வேண்டாமென்பார் யார்? ஆனால் காணி ஒப்பத்துக்கு வந்து நிற்பவரிடம் உமது பேரன் ஆங்கிலம் கற்கும்வரை பொறும் என்று சொல்ல முடியாது.

1960களின் தொடக்கத்தில் இலங்கைத் தமிழிலக்கியத்தில் மரபுப் போராட்டம் நடந்தது. பேச்சு வழக்கைக் கதையில் எழுதினால் அது இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் தடுத்தார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றார்கள், வென்றார்கள். உழைக்கும் மனிதன் தன் சொந்த மொழியோடு சிறுகதைக்குள் வந்தான். ஆனால் அவ்வெற்றி சிறுகதையின் வாசலிலேயே நின்றுவிட்டது. கதைக்குள் ‘மறுகா’ என்று பேசுகிறவன், கந்தோருக்குள் ‘சமர்ப்பிக்கப்படாதவிடத்து’ என்பதைக் கேட்டுத் தலைகுனிகிறான். கதையில் அவனுக்காக வாதாடிய நாம் கந்தோரில் அவனைக் கைவிட்டோம். அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. நம் எழுத்தாளர்களிற் பலர் அரசாங்க உத்தியோகத்தர். காலையில் அந்தக் கடிதத்தை எழுதிவிட்டு மாலையில் கதை எழுதியவர்கள். இரண்டு எழுத்தும் ஒரே கையால் எழுதப்படுகிறது என்பதை அவர்களே முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வேலை செய்ய ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. கல்முனைக்குடியைப் பிறப்பிடமாகக் கொண்ட எம். ஏ. நுஃமான் கவிஞர், மார்க்சிய விமரிசகர், மொழியியலாளர். இந்த மூன்றும் ஒருவரிடத்தில் ஒன்றுசேரக்கூடும் என்பதை இம்மண்ணே காட்டியிருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி இருக்கிறது. தமிழ்ச் சிறப்புப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சங்ககால உவமைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவதை ஒரு வருடம் நிறுத்தலாம். ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு, அதனைச் சவளக்கடையிலோ நற்பிட்டிமுனையிலோ பத்துப் பேரிடம் கொடுத்து, பக்கத்தில் இருந்து, எந்த வரியில் பேனா நிற்கிறது என்று குறித்துவரட்டும். பேனா நின்ற வரியைத் திருத்தி எழுதி மீண்டும் அதே பத்துப் பேரிடம் கொடுக்கட்டும். காணிப் படிவத்தில் தொடங்குவது நல்லது. இரண்டாவதாகப் பிறப்புப் பதிவு. திருத்திய படிவங்கள் பிரதேச செயலாளரிடமும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் போகட்டும். அதன் ஒரு பிரதி அம்பாறைக் கச்சேரிக்கு, சிங்கள மூலத்தில் எந்த வாக்கியத்தை மாற்றவேண்டும் என்ற குறிப்போடு, சிங்களத்திலேயே போகட்டும்.